மேசை இழுப்பறைக்கு ஒரு நன்றி

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கும், உடன் நின்ற எல்லோருக்கும்,

பிள்ளைகள் இப்போது நலம். அவசர ஊசியும் மருத்துவமனையுமாக நடந்தது என்னவென்று இதைப் படிக்கிற குடும்பங்களுக்குத் தெரியும். அதைத் திரும்பச் சொல்லும் தெம்பு எங்களுக்கு இன்னும் வரவில்லை. சி.ஏ.எச். எனப்படும் பிறவி அட்ரினல் கோளாறு, அதாவது சிறுநீரகத்துக்கு மேலுள்ள அட்ரினல் சுரப்பி கார்டிசால் என்ற ஹார்மோனைப் போதிய அளவு சுரக்காத கோளாறு, உள்ள குழந்தைகளின் பெற்றோர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது.

நோயைக் கண்டுபிடித்ததற்கும் மருந்து எழுதித் தந்ததற்கும் முதலில் நன்றி சொல்வதுதான் முறை. ஆனால் எங்கள் நன்றியில் பெரும்பங்கு உங்கள் மேசை இழுப்பறைக்குத்தான் போகிறது. கார்டிசாலுக்கு ஈடாகத் தரும் ஸ்டீராய்டு மருந்தான ஹைட்ரோகார்டிசோனின் காலாவதியான ஊசிக் குப்பிகளைத் தூக்கிப் போடாமல் அதில் சேர்த்து வைத்திருந்தீர்கள், பெற்றோர் கலக்கிப் பழகட்டும் என்று. ஊசி போடத் தெரியுமா என்று கேட்டிருந்தால் எல்லோரும் தலையை ஆட்டிவிட்டு வந்திருப்போம். நீங்கள் கேட்காமலே குப்பியையும் சிரிஞ்சையும் கையில் கொடுத்து, குத்திப் பழகச் சுருட்டிய துண்டு ஒன்றை எதிரே வைத்துவிட்டீர்கள்.

மூடியைக் கழற்றி ரப்பரை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்க வேண்டும். 100 மில்லிகிராம் தூளுக்குள் 2 மில்லி ஸ்டெரைல் வாட்டரைச் செலுத்தி, தெளியும்வரை மெதுவாகச் சுழற்ற வேண்டும். பிறகு குப்பியைக் கவிழ்த்து உறிஞ்ச வேண்டும். பலருக்கும் கை தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஊசி முனை திரவ மட்டத்துக்கு மேலே ஏறிவிட்டால் காற்றுதான் வரும். பதற்றத்தில் மருந்து தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். ஊசியைச் சற்றுக் கீழே இழுத்தால் போதும். 3 வயதுக்குள் என்றால் அரை மில்லி, அதாவது 25 மில்லிகிராம். 3 முதல் 12 வயது வரை 1 மில்லி. அதற்கு மேல் முழுக் குப்பி. நடுத்தொடையின் வெளிப்பக்கத்தில், சாய்க்காமல் நேராகக் குத்த வேண்டும். உடைக்கு மேலாகவே போடலாம் என்று நீங்கள் சொன்னபோதுதான் பாதி பயம் போனது.

எப்போது போடுவது என்பதையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தீர்கள். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தினமும் தரும் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை இரண்டு மடங்கு, 39ஐத் தாண்டினால் மூன்று மடங்கு. விழுங்கிய அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் அதே அளவு இன்னொரு முறை. அதுவும் வெளியே வந்தால் ஊசி, உடனே மருத்துவமனை. உடம்பில் உப்பைத் தக்கவைக்கத் தரும் ஃப்ளூட்ரோகார்டிசோனைக் கூட்ட வேண்டாம். மற்ற குழந்தைகளின் உடம்பு காய்ச்சல் வந்ததும் கார்டிசாலைத் தானாகவே கூட்டிக்கொள்ளும். இவர்களுக்கு அது நடக்காது. சர்க்கரை இறங்கும், ரத்த அழுத்தம் இறங்கும். உப்பை இழக்கும் வகை என்றால் சோடியம் குறைந்து பொட்டாசியமும் ஏறும். வெளியே தெரிவதென்னவோ வெறும் அசதிதான். காய்ச்சல் களைப்பு, தூங்கட்டும் என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து. தேவையில்லாமல் போட்ட ஓர் ஊசியால் கெடுதல் இல்லை, போடாமல் காத்திருப்பதில்தான் கெடுதல் என்று அந்தத் தாளின் அடியில் சிவப்பு மையில் எழுதியிருந்தீர்கள். ஸ்டீராய்டு என்ற பேரைக் கேட்டாலே பின்வாங்கும் எங்களுக்கு அந்த வரி தேவைப்பட்டது.

ஊசி அவசரத்துக்கு. மற்ற நாட்களில் நீங்கள் செய்வது வெளியே தெரியாத வேலை. மாத்திரை கூடினால் உயரம் நின்று எடை ஏறும். குறைந்தால் ஆண் ஹார்மோன் மிகுந்து, பிள்ளை இப்போது மளமளவென வளரும். ஆனால் எலும்பு வயதில் முந்திக்கொள்வதால் வளர்ச்சி சீக்கிரமே நின்றுவிடும். ‘நன்றாக உயர்ந்திருக்கிறானே’ என்று உறவினர் மெச்சும்போது, நீங்கள் இடது கையை எக்ஸ்ரே எடுக்கச் சொல்வது இதனால்தான். அந்தக் குறுகிய இடைவெளியில் கால் மாத்திரை கூட்டிக் குறைத்து நிறுத்துவது சாமானிய வேலை இல்லை.

காலை மாத்திரைக்கு முன்பே ரத்தம் எடுக்க வேண்டும் என்பதற்காக விடியலில் ஆய்வகத்தைத் திறந்தவர்கள், குதிகால் சுவரில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே உயரம் குறித்த செவிலியர்கள், 10 மில்லிகிராம் மாத்திரையை நான்காக வெட்டக் கற்றுத்தந்த மருந்தாளுநர், நாங்கள் கொண்டுபோன, நோயும் ஊசி அளவும் எழுதிய அவசரக் கடிதத்தைப் படித்துவிட்டு ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் ஊசியையும் சலைனையும் ஏற்றிய இரவுப் பணி மருத்துவர், எல்லோருக்கும் நன்றி.

வீட்டுக்கு வீடு, பெற்றோரைத் தவிர இன்னும் ஒருவருக்காவது இந்த ஊசியைக் கலக்கச் சொல்லித்தருவதென்று முடிவெடுத்திருக்கிறோம். தாத்தா, பாட்டி, சித்தி, வகுப்பாசிரியை, யார் சம்மதித்தாலும் சரி. எடை பார்க்கும் ஒவ்வொரு முறையும் அவசரக் கடிதத்தில் உள்ள அளவையும் உங்களிடம் காட்டி, திருத்தி வாங்கிக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
பெற்றோர்கள்