மருத்துவரின் மனநிறைவில் நோயாளிக்கும் பங்குண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவர்களின் ஊதியம், பதவி உயர்வு, ஆள் பற்றாக்குறை பற்றிய செய்திகள் தங்கள் நாளிதழில் வரும்போதெல்லாம், அது மருத்துவர்களுக்கும் அரசுக்கும் இடையிலான வழக்காக மட்டுமே பேசப்படுகிறது. பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயுடன் காலம் தள்ளும் நான், அந்த வழக்கில் நோயாளிகளும் ஒரு தரப்பே என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 186 மருத்துவர்களையும், அவர்களிடம் சிகிச்சை பெற்ற சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களையும் இரண்டாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 1993-இல் வெளியானது. தம் வேலையில் நிறைவு கண்ட மருத்துவர்களின் நோயாளிகள், சொல்லப்பட்ட சிகிச்சையை மற்றவர்களைவிட ஒழுங்காகக் கடைப்பிடித்தனர் என்பது அதன் முடிவுகளுள் ஒன்று. மருத்துவர் மகிழ்ந்தால் எங்கள் சர்க்கரை தானே இறங்கிவிடும் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால், குடல்வால் அறுவையைப் போல நோயாளி மயங்கிக் கிடக்கையில் மருத்துவரே முடித்துவிடும் காரியமன்று இந்த நோய். வேளை தவறாமல் மாத்திரை போடுவதும், இரவில் மூன்று இட்லியோடு எழுந்துவிடுவதும், மழையானாலும் நடப்பதும் நாங்கள் செய்ய வேண்டியவை. அவற்றை வருடக்கணக்கில் சலிக்காமல் செய்ய எங்களைப் பழக்க வேண்டியவர், தாமே சலித்துப்போயிருந்தால் என்ன செய்வது?

எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் முன்பு இருந்த பெண் மருத்துவர் ஒருவர், செருப்பைக் கழற்றச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் என் பாதத்தில் பல இடங்களில் தொட்டுப் பார்த்தார். இடது பெருவிரலுக்கு அடியில் அவர் தொட்டது எனக்குத் தெரியவே இல்லை. உணர்விழந்த பாதத்தைப் புண்ணாகாமல் காக்கும் மென்மையான எம்.சி.ஆர். செருப்பை அன்றே வாங்கச் சொன்னார்; உச்சி வெயிலில் வெறுங்காலுடன் பிராகாரம் சுற்றாதீர்கள் என்றும் சொன்னார். அடுத்த மாதம் போனபோது, "கால் எப்படி இருக்கு ஐயா?" என்று அவராகவே கேட்டார். அதன்பின் நான் ஒரு நாளும் மாத்திரையைத் தவறவிட்டதில்லை.

இன்று அதே அறையில் இருப்பவர் முற்பகலுக்குள் நூறு சீட்டுக்கு மேல் பார்க்கிறார்; இடையிடையே கணினியிலும் பதிவேட்டிலும் அவரே பதிய வேண்டும். நாற்காலியில் உட்காருமுன்பே "அதே மாத்திரை" என்று எழுதிய சீட்டு கைக்கு வந்துவிடுகிறது. சென்ற மாதம், விடியற்காலையில் உடல் வியர்த்துக் கை நடுங்கியதைச் சொல்ல எண்ணிப் போய், சொல்லாமலே திரும்பினேன். சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரை போடுபவருக்கு அது சர்க்கரை மிகவும் இறங்கியதன் அறிகுறியாக இருக்கலாம் என்று பிறகு மருந்துக்கடைக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அம்மருத்துவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. பகல் இரண்டு மணிக்கும் அவர் மேசையோரத்தில் திறக்கப்படாமல் இருந்த டிபன் பாக்ஸைக் கண்டவன் நான்.

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர் என்றும், தமிழ்நாட்டில் பெரியவர்களுள் 14.4 விழுக்காட்டினருக்கு இந்நோய் உண்டு என்றும் கணக்கிட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இவர்களுள் பலருக்கு மாத்திரையை வீட்டிலேயே கொண்டு சேர்க்கிறது; நல்ல திட்டம்தான். ஆயினும், மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயத்துக்கு மாறலாமா என்று கேட்கும் கிழவிக்கு மாத்திரை அட்டை பதில் சொல்லாது.

சம்பளம் உயர்ந்தால் கனிவும் தானாக வந்துவிடும் என்று நான் வாதாடவில்லை. கைநிறையச் சம்பாதித்தும் நோயாளியின் முகத்தை ஏறிட்டுப் பாராத தனியார் மருத்துவர்களிடமும் போய் வந்திருக்கிறேன். இருப்பினும், அரசு மருத்துவர்களின் ஊதிய உயர்வு, பதவி உயர்வு குறித்து 2009-இல் பிறப்பிக்கப்பட்ட அரசாணை 354-ஐ முறையாக நடைமுறைப்படுத்தக் கோரி அவர்கள் 2019-இல் வேலைநிறுத்தம் வரை போக நேர்ந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். பத்தாண்டுக் குறையை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒருவர் அன்றைய நூறாவது நோயாளியின் பாதத்தைக் குனிந்து பார்ப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

ஊதியக் கோரிக்கை ஒருபுறமிருக்க, பெருஞ்செலவில்லாத இரண்டையாவது சுகாதாரத் துறை உடனே செய்யலாம். சர்க்கரை நோய்ப் பிரிவு ஒவ்வொன்றுக்கும் பதிவு வேலைக்கெனத் தனி ஊழியர் ஒருவரை அமர்த்த வேண்டும். ஒரே மருத்துவர் அதே நோயாளிகளைக் குறைந்தது ஓராண்டேனும் தொடர்ந்து பார்க்கும்படி பணிமுறையை வகுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.