இரும்புக் கொப்பரையில் அல்லி வளர்க்கும் நம் வாடிக்கையாளர்களுக்கு

வணக்கம்.

கொஞ்ச நாளாக ஒரு குரல் பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உங்களில் பலருக்கும் வந்திருக்கும். குன்னூரில் பழசு என்று விற்கும் இரும்புக் கொப்பரைகள் எல்லாம் கோயம்புத்தூர் வார்ப்புப் பட்டறையில் புதிதாக ஊற்றி, உப்புத் தண்ணீர் தெளித்துத் துருவேற்றியவை என்கிறது அது. கடைப் பெயர் சொல்லவில்லை. ஆனால் எந்தக் கடை என்று உங்களுக்குத் தெரியாதா?

செடி வாடியது, மீன் செத்தது என்றால் வந்து பார்த்துப் பேசித் தீர்த்துவிடலாம். புதுசைப் பழசு என்று விற்கிறோம் என்பது அப்படிப்பட்ட பேச்சு இல்லை. அப்பா காலத்திலிருந்து சேர்த்த பெயர் இது. அதனால் விவரமாகவே சொல்கிறோம்.

புது வார்ப்பும் எங்களிடம் உண்டு. மறைத்ததே இல்லை. வாசலுக்கு இடப்பக்கம், 'புதுசு' என்று வெள்ளைப் பெயின்டில் எழுதி இருக்கும்; பில்லிலும் அப்படியே போடுவோம். பழசு உள்ளே, பலகை மேல். பங்களாக்களைக் காலி செய்யும்போது பின்கட்டிலிருந்து வருவதும், காயலாங்கடையில் உடைபடுவதற்கு முன் நாங்கள் போய் எடுப்பதும்தான் அவை.

அடுத்த முறை வரும்போது நீங்களே ஒன்றைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் விறகுக் கரி கெட்டியாக அப்பியிருக்கும், கத்தியால் சுரண்டினாலும் லேசில் வராது. உள்பக்கம் கரண்டி உரசி உரசி வழவழவென்று ஆகியிருக்கும். புது வார்ப்பில் மணல் அச்சின் சொரசொரப்பு கைக்குத் தட்டும். துருவைக் கட்டைவிரலால் தேயுங்கள். உப்புத் தண்ணீர் துரு ஆரஞ்சுப் பொடியாக விரலில் ஒட்டும். பல வருடத் துரு கரும்பழுப்பாக இரும்போடு இறுகிக் கிடக்கும். சிலர் தட்டிப் பார்த்துக் கணீரென்றால் பழசு என்கிறார்கள். அது தவறு. அந்தச் சத்தம் விரிசல் இல்லை என்று மட்டும்தான் சொல்லும்.

அந்தப் பதிவில் இன்னொன்றும் வருகிறது: அசல் கொப்பரைக்கு அகலமான விளிம்பு இருக்குமாம், எங்களுடையதில் இல்லையாம். பதிவில் பேசியவர் பார்த்த படம் அமெரிக்காவின் லூசியானாவில் எடுத்ததாக இருக்க வேண்டும். அங்கே கரும்புச்சாறு காய்ச்சிய கொப்பரைகள் அவை. நார்பர்ட் ரில்லியூ என்ற பொறியாளர் 1843-இல் காப்புரிமை வாங்கிய, சாற்றை நீராவியால் காய்ச்சும் ஆவியாக்கி போன்றவை ஆலைகளுக்கு வந்த பிறகு மெல்ல மெல்ல அடுப்பை விட்டு இறங்கின. இப்போது அங்கே தோட்டங்களில் அல்லி பூக்கிறது. அழகுதான், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நீலகிரியில் அந்தக் கொப்பரைக்கு எங்கே போவது? இங்கே கிடைப்பது வெந்நீர் போட்ட அண்டாவும் சமையல் கொப்பரையும். விளிம்பு குறுகல், காது இரண்டு. அதை அதுவென்று சொல்லித்தான் விற்கிறோம்.

ஊட்டிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தலைக்குந்தா, காந்தல் பக்கம் உறைபனி விழும் மாதங்களில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்ப வேண்டாம். தண்ணீர் பனிக்கட்டியானால் சுமார் 9 சதவீதம் விரியும். வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, விரிசல் விட்டுவிடும். அரைவட்ட அடி உள்ளதில் பனிக்கட்டி மேலே ஏறிக்கொள்ள இடம் உண்டு, நேர் சுவர் அண்டாவில் ஆபத்து அதிகம். தாமரை கேட்கிறவர்களிடம் நாங்களே வேண்டாம் என்றுதான் சொல்கிறோம். அதற்கு நம் மலையில் சூடு போதாது. குளிர் தாங்கும் அல்லி ரகம் நன்றாக வரும். கொசுவுக்கு கப்பி மீன் விடச் சொல்வது கீழே சமவெளிக்குச் சரி. ஊட்டிக் குளிரில் அது பிழைக்காது, சின்ன கோல்டுஃபிஷ் தாங்கும்.

லாரி வாடகை ஏறியதால் பழைய கொப்பரை விலையும் இந்த மாதம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. தண்ணீர் ஊற்றியதைத் திரும்ப எடுப்பதற்கில்லை.

அப்புறம், அந்தப் பதிவைக் கேட்டவுடன் போன் செய்து "நாங்கள் நம்பவில்லை" என்று சொன்னவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. தங்கள் வீட்டுக் கொப்பரையை அல்லியோடு படம் பிடித்து அதே குழுவில் போட்டவர்களும் இருக்கிறீர்கள். மழையிலும் கோத்தகிரியிலிருந்து பஸ் ஏறி வந்து, ஒன்றும் வாங்காமல் டீ மட்டும் குடித்துவிட்டுப் போனவர்களும் உண்டு. அந்த நாட்களில் கடையில் எங்களுக்கு அதுதான் பெரிய தெம்பு.

எங்களிடம் பழசு என்று வாங்கிய கொப்பரை மேல் யாருக்காவது சந்தேகம் இருந்தால் பில்லோடு படம் அனுப்புங்கள். அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று எங்கள் நோட்டில் இருக்கிறது, பார்த்துச் சொல்கிறோம். ஞாயிறு மதியம் வரை கடை உண்டு.

அன்புடன்,
கடைக்காரர், குன்னூர்