பசைக்கு எவ்வளவு தண்ணீர் என்றும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் ஜப்பானிய மர அச்சுக்கலை (பலகையில் படத்தைச் செதுக்கி, நிறம் தடவித் தாளில் அச்சிடுவது) பற்றி வந்த கட்டுரையை என் தங்கை மகன் சென்னையிலிருந்து படம் பிடித்து அனுப்பியிருந்தான். இரண்டு தடவை படித்தேன். ஹொகுசாயின் பேரலைப் படத்தை அரைப்பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள், மிக்க நன்றி. ஆனால் கட்டுரையின் கடைசியில், நுட்பங்களை வெளியே விடாமல் குடும்பங்களுக்குள்ளேயே காப்பாற்றியதால்தான் இந்தக் கலைக்கு இத்தனை மதிப்பு என்று எழுதியிருந்தது. அது என் மனதுக்கு ஒப்பவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் யாங்கூன் ஆற்றுக்கு அக்கரையில், டலாவில் இருக்கிறேன். எங்கள் வாயில் இன்னும் ரங்கோன்தான். அறுபதைத் தாண்டிவிட்டேன். அப்பா தச்சர். 1964இல் கடைகளை அரசுடைமையாக்கிய பிறகு தெரிந்தவர்கள் பலரும் கப்பலேறிவிட்டார்கள், அப்பா போகவில்லை. அவர் எனக்கு விட்டுப்போனது ஒரு சாக்குப்பையில் 11 உளியும், நடுவில் பள்ளம் விழுந்த ஒரு சாணைக்கல்லும்.

47 வயதில் அந்த உளிகளை வைத்து ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றி, நகரத்தில் ஒரு பட்டறையில் பணம் கட்டிச் சேர்ந்தேன். ஆறு வாரம். செதுக்கக் கற்றுக்கொடுத்தார்கள், குறை சொல்ல மாட்டேன். அச்சிடும் நேரம் வந்தால் மட்டும் ஆசிரியர் பலகையை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது கையில் கோடு பிசகாத படம் இருக்கும். “எப்படி சயா?” என்று கேட்டால் (இங்கே ஆசிரியரைச் சயா என்போம்) “எல்லாம் கைப்பழக்கம்” என்பார். வீட்டில் நான் செய்தால் சிவப்பு ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கம் விலகி நிற்கும். நிறம் திட்டுத்திட்டாக விழும். என் கைதான் சரியில்லை என்று நினைத்து இரண்டு வருடம் ஓடியது. எத்தனை பலகையைச் சீவித் தள்ளியிருப்பேன் என்று கணக்கில்லை.

பிறகு ஒரு நாள் பன்சோடான் தெருவில், நடைபாதைப் பழைய புத்தகக்காரரிடம், ஸ்பைரல் போட்ட ஒரு ஜெராக்ஸ் புத்தகம் கிடைத்தது. ஹிரோஷி யோஷிதா 1939இல் ஆங்கிலத்தில் எழுதியது. எண்ணெய் வண்ண ஓவியராகப் பெயர் எடுத்த பிறகு, ஐம்பதை நெருங்கும் வயதில், 1925இல், மர அச்சுக்குச் சொந்தப் பட்டறை போட்டவர் அவர். ஜப்பானில் வழக்கமாக வரைபவர் ஒருவர், செதுக்குபவர் ஒருவர், அச்சிடுபவர் ஒருவர், பணம் போடும் பதிப்பாளர் ஒருவர் என்று வேலை பிரிந்திருக்கும். யோஷிதா ஒவ்வொரு படியிலும் பக்கத்தில் நின்றார், சிலவற்றைத் தானே செதுக்கினார். அப்படிக் கற்றதை எல்லாம் அந்தப் புத்தகத்தில் கொட்டிவைத்திருக்கிறார். உளியைப் பிடிப்பது, தாளை நனைப்பது, பசை சேர்ப்பது எல்லாம் இருக்கிறது. என் அரைகுறை ஆங்கிலத்தில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான்கு மாதம் படித்தேன்.

உள்ளறைக்குள் நடந்தது இரண்டே விஷயம். ஒன்று, தாளை முதல் நாளே ஈரப்படுத்தி அடுக்கி வைக்க வேண்டும். காய்ந்த தாள் நீர் வண்ணத்தைச் சரியாக வாங்காது. இன்னொன்று, பலகையிலேயே வெட்டும் அடையாளம். ஜப்பானியர் அதைக் கென்தோ என்கிறார்கள். கீழ் ஓரத்தின் வலது மூலையில், ட எழுத்தைக் கண்ணாடியில் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு வெட்டு. அதே ஓரத்தில் இடப்பக்கம் தள்ளி, நேர்கோடாக இன்னொன்று. தாளின் தடிமனை விடக் கொஞ்சம் ஆழம் இருந்தால் போதும். தாளின் மூலையை முதல் வெட்டில் முட்டவைத்து, ஓரத்தை இரண்டாவதில் உட்காரவைத்து, அப்புறம் மெதுவாக இறக்க வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப் பலகை உண்டு. படத்தின் கோடுகள் மட்டும் உள்ள கோட்டுப் பலகையை அச்சிடும்போது இந்த அடையாளத்தையும் சேர்த்து அச்சிட்டு, அந்தத் தாள்களை மற்றப் பலகைகளில் ஒட்டிச் செதுக்கினால், எத்தனை நிறம் என்றாலும் அடையாளம் ஒரே இடத்தில் நிற்கும். 1765 வாக்கில் ஹருநோபு என்ற ஜப்பானிய ஓவியர் பத்து நிறம் வரை போட்டுப் படம் செய்ய முடிந்தது இந்த இரண்டு வெட்டினால்தான். சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் ஆகுமா? அதற்கு என் இரண்டு வருடம் போயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யோஷிதா தன் மகன் தோஷியோடு இந்தியாவுக்கும் இந்தப் பக்கத்து நாடுகளுக்கும் பயணம் வந்தவர். 1931இல் ரங்கோனின் பொன் பகோடாவை அச்சிட்டிருக்கிறார். அதே வருடம் மதுரைக் கோயிலையும் அச்சிட்டிருக்கிறார். இரண்டையும் என் தங்கை மகன் கைப்பேசியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பிறந்த ஊரும் என் தாத்தா பிறந்த ஊரும் ஒரே மனிதரின் கையில். அதைச் செய்தவர் செய்முறையையும் மறைக்காமல் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

உங்கள் கட்டுரை ஜப்பானியக் காட்டுச் செர்ரி மரத்தைப் பற்றி நிறையச் சொன்னது. சரி, அது இங்கே கிடைக்காது, மதுரையிலும் கிடைக்காது. படிக்கிறவர் அதோடு பக்கத்தைத் திருப்பிவிடுவார். கையில் இருப்பதை வைத்துச் செய்யலாம் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். பர்மா என்றால் தேக்கு என்பார்கள், ஆனால் தேக்கு இந்த வேலைக்கு ஆகாது. அதில் உள்ள எண்ணெய் நீர் மையை ஒட்டவிடாது, மரத்துக்குள் மணல் சத்து இருப்பதால் உளி முனையும் சீக்கிரம் மழுங்கும். நான் எடுப்பது யமனே. நம் ஊர்க் குமிழ மரம்தான் அது. லேசாக இருக்கும், நன்றாகக் காய்ந்ததென்றால் வளையாது, உளிக்கு வெண்ணெய் மாதிரி வழிவிடும். மிக மெல்லிய கோடு அதில் நிற்காது, தடித்த கோடாக வரைந்துகொள்வேன். தாள் ஷான் மாநிலத்துப் பிந்தயாவிலிருந்து வருகிறது. அங்கே காகித மல்பெரிப் பட்டையை வேகவைத்து, அடித்துக் கூழாக்கி, சட்டத்தில் பரப்பி வெயிலில் காயவைப்பார்கள். குடைக்குப் போவது அதே தாள்தான். ஜப்பானியரின் கோசோ தாளும் இந்த மரத்துப் பட்டைதான். பிந்தயாத் தாள் மையை ஒரேயடியாக உறிஞ்சி ஊறவிடும், அதனால் படிகாரமும், தச்சர்கள் மரம் ஒட்டும் வச்சிரப் பசையும் கரைத்த நீரை மேலே பூசிக் காயவைக்கிறேன். ஜப்பானில் தோசா என்று பூசுவதும் இந்த இரண்டும்தான். அப்பாவின் அலமாரியில் வச்சிரம் எந்நாளும் இருந்தது. நாற்காலி கால் ஒட்டுவதற்கு மட்டும் என்று நினைத்திருந்தேன்.

ஏழு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் என் வீட்டு முன்கூடத்தில் பிள்ளைகள் வந்து உட்காருகிறார்கள். சில நாள் நான்கு பேர், சில நாள் பத்து. போன மாதம் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி, பாட்டியின் பெயரைத் தமிழில் செதுக்க வேண்டும் என்றாள். வள்ளியம்மை. கவனமாக எழுதி, கவனமாகச் செதுக்கி, அச்சிட்டால் பெயர் திரும்பி நிற்கிறது, கடைசி எழுத்தான ‘மை’ முதலில் இருக்கிறது. அழுதுவிட்டாள். அவளை உட்காரவைத்து, மெல்லிய தாளில் நேராக எழுதச் சொன்னேன். எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி பலகையில் பசை தடவி ஒட்டினோம். காய்ந்த பிறகு, விரல் நுனியை ஈரமாக்கி, தாளின் முதுகைத் தேய்த்துத் தேய்த்துச் சுருள் சுருளாக உரித்தாள். மேலே ஒரு சொட்டு நல்லெண்ணெய் தடவியதும் கோடுகள் கறுப்பாக மேலெழுந்து வந்தன, எல்லாம் திரும்பிய முகத்தோடு. “ஆயா, ளகரம் இந்தப் பக்கம் பார்க்குது” என்று ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுப் பார்த்தாள். கோட்டின் இரண்டு பக்கமும் கத்தி முனை கோட்டை விட்டு வெளிப்பக்கம் இறங்கும்படி சாய்த்து வெட்டச் சொன்னேன், அப்போதுதான் அடி அகலமாக இருந்து கோடு உடையாது. ளவின் சுழி மட்டும் ஓரிடத்தில் பிய்ந்தது. அதை அவள் சரிசெய்ய மாட்டேன் என்றாள், பாட்டி எழுதும்போதும் அந்தச் சுழி சேராதாம். இப்போது அந்தத் தாள் அவர்கள் வீட்டு சாமி அறையில் இருக்கிறது.

ஐயா, நுட்பத்தை மறைத்தால் மதிப்பு கூடும் என்று எழுதுகிறவர் அந்தப் பெண்ணின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் துணிக்கு அச்சுக்கட்டை செதுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். மரச்சிற்பிகள் இருக்கிறார்கள். உளி தீட்டும் கோணம் முதல் அவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே வாராவாரம் கால் பக்கம் போடுங்கள். இங்கே எங்களுக்குப் பல கருவிகளுக்குத் தமிழ்ப் பெயர் மறந்துகொண்டு வருகிறது. அப்பா சொன்ன பெயர்கள் சில எனக்கே சரியாக நினைவில்லை. உங்கள் பக்கத்தை வெட்டி என் முன்கூடத்துச் சுவரில் ஒட்டுவேன்.

கட்டுரையில் விட்டுப்போன பசைச் செய்முறையை நானே எழுதுகிறேன், இடமிருந்தால் போடுங்கள். நைசான பச்சரிசி மாவு ஒரு கரண்டி, தண்ணீர் ஐந்து கரண்டி. கட்டியில்லாமல் கரைத்து, சின்னத் தீயில் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கி, ஆறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். பலகையில் நிறத்தோடு ஒரு மிளகளவு போட்டுத் தூரிகையால் பரப்பினால் போதும், கூடினால் தாள் ஒட்டிக்கொள்ளும், குறைந்தால் நிறம் திட்டாக விழும். எங்கள் ஊர் வெக்கையில் மறுநாளே புளித்துவிடும், அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி ஒருத்தி,
டலா, யாங்கூன்.