சிங்கம், கழுதைப்புலி காட்சிகளுக்குத் தமிழில் வர்ணனை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வர்ணனையாளர்களுக்கும் குரல் கலைஞர்களுக்கும்,

வணக்கம். தொலைக்காட்சியில் வரும் காட்டுயிர் படங்களுக்கும் யூடியூப் காணொளிகளுக்கும் தமிழில் பேசுபவர்கள் நீங்கள். ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டிப் புல்வெளியில் என்ன நடந்தது என்று ஒரு தமிழ்க் குழந்தை தெரிந்துகொள்வது பெரும்பாலும் உங்கள் குரலில்தான். அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறோம்.

செத்த வரிக்குதிரையின் மேல் ஆண் சிங்கம் ஒன்று படுத்துத் தின்கிறது. சற்றுத் தள்ளிப் பத்துப் பன்னிரண்டு புள்ளிக் கழுதைப்புலிகள் சுற்றிச் சுற்றி வருகின்றன. இந்தக் காட்சி வந்தால் போதும், "காட்டு ராஜா வேட்டையாடிய இரையைத் திருடக் காத்திருக்கும் கோழைக் கூட்டம்" என்று வர்ணனை வந்துவிடுகிறது. ஆனால் இதே காட்சிக்குப் பின்னால் பல நேரங்களில் நடந்திருப்பது இதற்கு நேர்மாறானது. இரையை அடித்தவை கழுதைப்புலிகள், பறித்துக்கொண்டது சிங்கம். எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: இரையை அடித்தது யார் என்று காட்சியிலேயே தேடிப் பார்த்து உறுதி செய்யாமல் "திருட்டு" என்று எழுதாதீர்கள்.

இது புதிதாகத் தெரியவந்த செய்தி அல்ல. 1960களில் ஹான்ஸ் க்ரூக் என்ற விலங்கியலாளர் தான்சானியாவின் ங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்திலும் செரெங்கெட்டியிலும் கழுதைப்புலிகளை இரவு முழுவதும் பின்தொடர்ந்து பதிவு செய்தார். அதுவரை எல்லோரும் பார்த்தது விடிந்த பிறகு உள்ள காட்சியை மட்டுமே: சிங்கம் தின்கிறது, கழுதைப்புலி காத்திருக்கிறது. இரவில் கூடவே இருந்து பார்த்தபோதுதான் முழுக்கதையும் தெரிந்தது. ங்கோரோங்கோரோவில் கழுதைப்புலிகள் தாங்கள் தின்பதில் பெரும்பகுதியைத் தாங்களே வேட்டையாடின. சத்தம் கேட்டு வந்த சிங்கங்கள் அவற்றை விரட்டிவிட்டு அமர்ந்துகொண்டன. காலையில் வண்டியில் வந்த பயணிகள் கண்டது அதன் கடைசிக் கட்டத்தைத்தான்.

அப்படியானால் கழுதைப்புலிதான் எப்போதும் வேட்டைக்காரன், சிங்கம்தான் எப்போதும் திருடன் என்று கதையைத் திருப்பிப் போட்டுவிடலாமா? கூடாது, அதுவும் பிழையாகிவிடும். இடத்துக்கு இடம் கணக்கு மாறுகிறது. ங்கோரோங்கோரோ பள்ளத்தின் தரை சுமார் 260 சதுர கிலோமீட்டர். மேய்ச்சல் விலங்குகள் ஆண்டு முழுவதும் அங்கேயே இருக்கின்றன. மேலும் 1962இல் கடிக்கும் ஈக்கள் பெருகியதால் அங்கிருந்த சிங்கங்களில் பெரும்பாலானவை அழிந்து, பத்து வாக்கில்தான் மிஞ்சின. க்ரூக் பார்த்தது அதற்கு அடுத்த சில ஆண்டுகளை. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்கா புதர்கள் அடர்ந்த இடம். அங்கே கழுதைப்புலிகளின் உணவில் செத்ததைத் தின்னும் பங்கு கூடுதல். ஆகவே காட்சி எந்த நாட்டில், எந்தப் பூங்காவில் எடுக்கப்பட்டது என்பதை முதலில் கேட்டு வாங்குங்கள். "ஆப்பிரிக்கக் காடு" என்பது வர்ணனைக்குப் போதிய முகவரி ஆகாது.

இனி, காட்சியை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறோம்.

முதலில் முகங்களைப் பாருங்கள். தள்ளி நிற்கும் கழுதைப்புலிகளின் வாய், கழுத்து, நெஞ்சு எல்லாம் இரத்தத்தில் தோய்ந்திருக்க, தின்னும் சிங்கத்துக்கு மூக்கும் வாயோரமும் மட்டும் சிவந்திருந்தால், முதலில் தின்றவை எவை என்பது தெளிவு. கழுதைப்புலி இரையின் வயிற்றுக்குள் தலையை விட்டுத் தின்னும், அதனால் இரத்தம் தோள்வரை ஏறிவிடும். அடுத்து வயிறுகள். காத்திருக்கும் கழுதைப்புலிக்கு வயிறு உருண்டு தொங்க, சிங்கத்தின் வயிறு ஒட்டிக் கிடந்தால் அதுவும் ஒரு சான்று. ஒரு கழுதைப்புலி ஒரே வேளையில் 14, 15 கிலோ வரை தின்னக்கூடியது. கிடைத்த சில நிமிடங்களில் அவசர அவசரமாக விழுங்கியிருக்கும்.

பிறகு இரையின் உடல். சிங்கம் பெரும்பாலும் தொண்டையைக் கவ்வியோ, வாயையும் மூக்கையும் சேர்த்துக் கவ்வியோ மூச்சை அடைத்துக் கொல்லும். தொண்டையில் பல் பதிந்த துளைகள் இருக்கும். கழுதைப்புலிக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஓடும் இரையின் பின்னங்கால், விலா, அடிவயிறு என்று கடித்துக் கிழித்து வீழ்த்தும், உயிர் போகும் முன்பே தின்னத் தொடங்கிவிடும். தொண்டைத் தோல் சேதமில்லாமல் இருந்து, வயிறும் இடுப்பும் மட்டும் கிழிந்திருந்தால் கழுதைப்புலியின் வேலை என்று ஊகிக்கலாம். ஊகிக்கலாம் என்றுதான் சொல்கிறோம், ஏனென்றால் ஆப்பிரிக்கக் காட்டுநாய்களும் இதே முறையில்தான் கொல்கின்றன. இரை செத்துக் கொஞ்ச நேரத்துக்குள் எடுத்த காட்சியாகவும் இருக்க வேண்டும். ஒரு பெருங்கூட்டம் கூடிவிட்டால் வரிக்குதிரை ஒன்று அரை மணி நேரத்தில் அடையாளம் தெரியாமல் போய்விடும். எலும்பையும் கடித்து நொறுக்கிச் செரிக்கும் விலங்கு அது. அதன் சாணம் வெள்ளையாக இருப்பது அந்தச் சுண்ணாம்புச் சத்தால்தான்.

காட்சியின் தொடக்கமும் முக்கியம். வேட்டையே காட்டப்படாமல், சிங்கம் காதை நிமிர்த்தி ஒரு திசையில் நேராக நடந்து போவதில் காட்சி தொடங்கினால் எச்சரிக்கையாக இருங்கள். அது வேட்டைக்கான நடை அல்ல. பதுங்கல் இல்லை, தாழ்ந்த தலை இல்லை. கழுதைப்புலிகளின் சண்டைச் சத்தத்தைக் கேட்டோ, கழுகுகள் இறங்குவதைக் கண்டோ அது அங்கே போய்க்கொண்டிருக்கலாம். சிங்கங்களையும் கழுதைப்புலிகளையும் கணக்கெடுப்பவர்கள் இந்தப் பழக்கத்தையே பயன்படுத்துகிறார்கள். இரையருகே கழுதைப்புலிகள் போடும் கூச்சலை ஒலிபெருக்கியில் இரவில் ஒலிக்கவிட்டால் இரண்டு இனமும் வந்து சேர்கின்றன.

அடுத்தது எண்ணிக்கை. எங்களுக்கு மிகவும் ஆதங்கம் தரும் இடம் இதுதான். "வீரம்", "கோழைத்தனம்" என்று நீங்கள் எழுதுவதில் பெரும்பகுதி எண்ணிப் பார்த்தால் விளங்கிவிடும். போட்ஸ்வானாவின் சாவுட்டியில் சிங்கக் கூட்டங்களைத் தொடர்ந்து பார்த்து 1991இல் வெளியான ஆய்வு ஒன்று இதைத் துல்லியமாகக் காட்டியது. வளர்ந்த ஆண் சிங்கம் உடன் இல்லாதபோது, பெண் சிங்கம் ஒன்றுக்கு நான்கு கழுதைப்புலி என்ற அளவைத் தாண்டினால் இரை கைமாறியது. அப்படி அந்தப் பெண் சிங்கங்களும் இளசுகளும் இழந்தது அவற்றின் உணவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. வளர்ந்த ஆண் சிங்கம் இருந்தால் அந்தக் கணக்கு செல்லுபடியாகவில்லை, கழுதைப்புலிகளால் இரையை எடுக்க முடியவில்லை.

காரணம் எடையிலேயே இருக்கிறது. புள்ளிக் கழுதைப்புலி 45 முதல் 80 கிலோ வரை இருக்கும். பெண் சிங்கம் 110 முதல் 140 கிலோ. ஆண் சிங்கமோ 190 கிலோவை ஒட்டி, சில அதற்கும் மேலே. மூன்று பெண் சிங்கங்கள் ஒரு காட்டெருமைக் கன்றைத் தின்னும்போது எட்டுக் கழுதைப்புலிகள் வந்தால் தள்ளி நின்று சத்தமிடும். பதினைந்து சேர்ந்துவிட்டால் வாலைத் தூக்கி, தோளோடு தோள் உரச ஒரு சுவரைப் போல நெருங்கும். அந்த நேரம் பிடரியோடு ஓர் ஆண் சிங்கம் வந்தால் பதினைந்தும் சிதறும். எட்டு நின்றதைக் கோழைத்தனம் என்றும், பதினைந்து நெருங்கியதை வெறி என்றும், ஆண் சிங்கம் வந்ததை நீதி என்றும் எழுதினால் மூன்றும் தவறு. திரையை நிறுத்தி இரண்டு பக்கமும் எண்ணுங்கள், பிடரி உள்ள விலங்கு இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணிக்கையையே வர்ணனையில் சொல்லுங்கள். பார்ப்பவர் மனசு தானாகவே பதறும், அடைமொழி தேவைப்படாது.

"அறுபது பேர் கொண்ட படை திரண்டு வந்தது" என்ற வகை வரிகளும் அடிக்கடி வருகின்றன. ஒரு குலத்தில், அதாவது ஒரே எல்லைக்குள் சேர்ந்து வாழும் கழுதைப்புலிக் கூட்டத்தில், அறுபது, எண்பது இருப்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் அவை எப்போதும் ஒன்றாகத் திரிவதில்லை. ஒன்றிரண்டாக, சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து அலைகின்றன. தேவை வரும்போது "ஊ…ஊப்" என்று ஏறி இறங்கும் நீண்ட அழைப்பைக் கேட்டு ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. அந்த அழைப்பு சில கிலோமீட்டர் வரை கேட்கும். ஆள் சேரும்வரை அவை பொறுத்திருப்பதைத்தான் "சூழ்ச்சி" என்று எழுதிவிடுகிறார்கள்.

ஒலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேட்டைக் காட்சியின் மேல் "ஹி ஹி ஹி" என்ற சிரிப்பொலியைப் பரப்பாதீர்கள். வேட்டையாடும் கழுதைப்புலிகள் பெரும்பாலும் சத்தமே போடுவதில்லை, ஆரவாரம் எல்லாம் இரை விழுந்த பிறகுதான். அந்தச் சிரிப்பொலி மகிழ்ச்சியால் வருவதும் அல்ல. தாக்கப்படும்போது, விரட்டப்படும்போது, தின்ன விடாமல் தடுக்கப்படும்போது வெளிப்படும் ஒலி அது. அந்த ஒலியின் சுருதியிலிருந்து விலங்கின் வயதையும், ஏற்ற இறக்கத்திலிருந்து குலத்தில் அதன் தகுதியையும் ஓரளவு அறியலாம் என்று 2010இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அடிபடும் விலங்கின் குரலை வில்லன் சிரிப்பாக்குவது எங்களுக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

கூட்டத்தில் பெரிய கழுதைப்புலியைத் "தலைவன்" என்கிறீர்கள். பெரும்பாலும் அது பெண். புள்ளிக் கழுதைப்புலிக் குலங்களில் பெண்களே உயர்ந்த இடத்தில் இருக்கின்றன, குட்டி தாய்க்கு அடுத்த தகுதியைப் பெறுகிறது. ஆண்களில் பெரும்பாலானவை வளர்ந்ததும் வேறு குலம் தேடிப்போய் அங்கே அடிமட்டத்திலிருந்து தொடங்குகின்றன. பெண்ணின் பிறப்புறுப்பும் ஆணுடையதைப் போலவே வெளியே நீண்டிருப்பதால் காணொளியில் ஆணா பெண்ணா என்று பிரித்தறிவது கடினம். பால் சுரக்கும் மடி தெளிவாகத் தெரிந்தால் ஒழிய "அது" என்றே எழுதிவிடுங்கள்.

"பரம்பரைப் பகை", "இரத்தவெறி" என்ற சொற்களையும் விட்டுவிட வேண்டும். சிங்கம் கழுதைப்புலியைக் கொன்றுவிட்டுப் பெரும்பாலும் தின்னாமல் போகும், உண்மைதான். பல இடங்களில் வளர்ந்த கழுதைப்புலிகளின் சாவுக்கு முதன்மையான இயற்கைக் காரணம் சிங்கமே. கழுதைப்புலிகளும் வாய்ப்புக் கிடைத்தால் சிங்கக் குட்டிகளைக் கொல்லும். இதற்கு வன்மம் தேவையில்லை. சிங்கம் 190 முதல் 550 கிலோ எடையுள்ள இரையை விரும்புகிறது, கழுதைப்புலி 56 முதல் 182 கிலோவை. தனித்தனி விருப்பம் போலத் தோன்றினாலும் வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் வகையும் வரிக்குதிரையும் இரண்டின் உணவிலும் இருக்கின்றன, அதுவும் ஒரே புல்வெளியில், ஒரே இரவில். போட்டியாளர் ஒன்று குறைந்தால் நாளை பறிபோகும் இரை குறையும். கென்யாவின் மசாய் மாராவில் 1988 முதல் கே ஹோல்கேம்ப் குழுவினர் செய்துவரும் நீண்ட ஆய்வில், இரை எதுவும் இல்லாத இடத்திலும் கழுதைப்புலிகள் கூடிச் சிங்கங்களை மொய்த்து விரட்டியது பதிவாகியிருக்கிறது. ஆகவே எல்லா மோதலையும் இறைச்சிச் சண்டை என்று எழுதினாலும் தவறாகும். பக்கத்தில் கழுதைப்புலிகளின் வளையோ குட்டிகளோ உண்டா என்று பாருங்கள்.

இன்னொரு குழப்பம் நம் ஊரோடு தொடர்புடையது. முகப்புப் படத்தில் வரிக் கழுதைப்புலியை வைத்துவிட்டு உள்ளே புள்ளிக் கழுதைப்புலியைக் காட்டும் காணொளிகள் வருகின்றன. வரிக் கழுதைப்புலி வேறு இனம். அது முதுமலை, சத்தியமங்கலம் பகுதிகளில் இன்றும் வாழ்கிறது. பெரும்பாலும் தனியாகத் திரிந்து செத்ததைத் தின்னும் கூச்ச சுபாவமுள்ள விலங்கு. மசாய் மாராவில் நடந்ததை அதன் தலையில் ஏற்றினால், மாயாற்றுப் பள்ளத்தாக்கில் அதைப் பார்க்கும் ஒருவர் கல்லெடுப்பார். கிழக்கு ஆப்பிரிக்காவில் கால்நடையை இழந்தவர்கள் செத்த மாட்டின் உடலில் கார்போஃபியூரான் என்ற பூச்சிமருந்தைக் கலந்து வைக்க, சிங்கமும் கழுதைப்புலியும் கழுகுகளும் அதே உடலருகே செத்துக் கிடந்திருக்கின்றன. ஆப்பிரிக்கா முழுவதும் சிங்கங்கள் இருபது, இருபத்தைந்தாயிரம் இருக்கலாம் என்றும், புள்ளிக் கழுதைப்புலிகள் 27,000 முதல் 47,000 வரை என்றும் மதிப்பிடப்படுகிறது. இரண்டுமே நிறைய இருப்பதாக நினைக்க இடமில்லை.

நடைமுறையில் நாங்கள் கேட்பது இது. மூலப் படத்தின் உரையோடு, காட்சிப் பட்டியலையும் படமெடுத்த இடத்தையும் நாளையும் தயாரிப்பாளரிடம் கேளுங்கள். வெவ்வேறு நாளில் எடுத்தவற்றை ஒரே சம்பவமாக ஒட்டியிருக்கிறார்களா என்பதை நிழலின் நீளம், புல்லின் நிறம், கழுதைப்புலியின் உடற்புள்ளிகள் ஆகியவற்றை வைத்துச் சோதியுங்கள். புள்ளி அமைப்பு ஒவ்வொன்றுக்கும் தனி, ஒரே உடலின் இடமும் வலமும்கூட ஒத்திருக்காது, அதனால் ஒரே பக்கத்தை ஒரே பக்கத்தோடு ஒப்பிடுங்கள். வர்ணனைத் தாளில் "அடித்தது யார்" என்று ஒரு பத்தியைச் சேர்த்து, சான்று கிடைத்தால் மட்டும் நிரப்புங்கள். காலியாக இருந்தால் "வரிக்குதிரை ஒன்று விழுந்து கிடக்கிறது, சிங்கம் தின்கிறது, பன்னிரண்டு கழுதைப்புலிகள் காத்திருக்கின்றன" என்பதே சரியான வர்ணனை. ஏற்கெனவே வெளியான காணொளிகளில் தலைப்பையும் முகப்புப் படத்தையும் மாற்றுவது எளிது. குரலை மாற்ற முடியாவிட்டால், திருத்தத்தை முதல் கருத்தாகப் பதிந்து மேலே நிறுத்தி வையுங்கள்.

அன்புடன்,
ஆப்பிரிக்கக் காட்டுயிர் ஆய்வுகளைத் தொடர்ந்து படித்துவரும் தமிழ் நண்பர்கள் சிலர்