பெட்டி வாங்கலாமா என்று கேட்டாயே

அன்பு மகளுக்கு,

தோட்டத்தில் தேனீப் பெட்டி வைக்கலாமா என்று நீ போனில் கேட்டபோதே சரி என்றிருப்பேன். பக்கத்தில் நின்ற உன் அம்மா முறைத்ததால் "யோசிக்கிறேன்" என்று சொல்லி வைத்தேன். யோசித்தாயிற்று. ஒரு பெட்டியைத் திறந்தும் பார்த்தாயிற்று.

தேனீ வளர்க்கும் ஒருவரிடம் போய் ஒரு காலை முழுக்க நின்றேன். புகையூட்டியால் இரண்டு முறை ஊதிவிட்டு மூடியைத் தூக்கினார். பெரிய இரைச்சல் ஒன்றும் இல்லை, தூரத்தில் மோட்டார் ஓடுவது போல ஒரு முனகல், அவ்வளவுதான். தேனடை கட்டிய மரச்சட்டம் ஒன்றை உருவி என் கையில் கொடுத்தார். நல்ல கனம். நடுவில் பழுப்பு மூடி போட்ட புழு அறைகள், அவற்றைச் சுற்றி மகரந்தம், மேல் விளிம்பில் தேன். முட்டை எங்கே என்று கேட்டேன். அவர் காட்டிய அறையில் எனக்கு எதுவும் தெரியவில்லை. வெயில் தோளுக்குப் பின்னாலிருந்து விழும்படி திரும்பி நின்ற பிறகுதான், வெள்ளை நூல் துணுக்கு ஒன்று அடியில் நட்டுக்கொண்டு நின்றது தெரிந்தது. மூன்று நாளில் அது பொரிந்துவிடுமாம். அதனால் நிற்கிற முட்டையைப் பார்த்துவிட்டால் ராணியைத் தேட வேண்டியதில்லை, மூன்று நாளுக்குள் ராணி அங்கே இருந்திருக்கிறது.

சட்டத்தைத் திரும்ப வைக்கும்போது அவசரத்தில் ஒரு தேனீயை நசுக்கிவிட்டேன். விரலில் ஒரு கொட்டு. உடனே பழுத்த வாழைப்பழ வாசனை வந்தது. அது மற்ற தேனீக்களை உதவிக்குக் கூப்பிடும் வாசனையாம். அவர் நகத்தால் கொடுக்கைச் சுரண்டி எறிந்துவிட்டு, விரலைச் சுற்றிப் புகை ஊதி அந்த வாசனையை அமுக்கினார்.

இதையெல்லாம் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதத்தை நிதானமாக எழுதுகிறேன்.

இடம் பிரச்சினை இல்லை. பின்பக்க மூலையில், பெட்டியின் வாசல் வேலியைப் பார்க்கும்படி வைத்தால், தேனீக்கள் மேலே ஏறித் தலைக்கு மேலாகப் போய்விடும். எறும்புக்கு, தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால் போதும். பக்கத்து வீட்டுக்காரர் செடிகளுக்கு மருந்து அடிக்கிறவர். அவரிடம் பேசிவிட்டேன். பூத்திருக்கும்போது அடிக்க மாட்டேன், அடிப்பதாக இருந்தால் முதல் நாளே சொல்கிறேன் என்றார். ஆனால் தேனீ மூன்று கிலோமீட்டர் கூடப் போகும். அவ்வளவு பேரிடமும் நான் பேச முடியாது.

உண்மையான கேள்வி வேறு. பெட்டியை நீ வாங்கித் தந்துவிடுவாய், குனிந்து திறக்கப் போவது யார்? பூக்காலத்தில் வாரம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். விட்டால் புது ராணி அறை கட்டி, பழைய ராணியோடு பாதிக் கூட்டம் பறந்துவிடும். ராணி 16 நாளில் தயாராகிவிடுகிறது, நம் சோம்பலுக்கு அது காத்திருக்காது. பூ இல்லாத காலத்தில் சர்க்கரைப் பாகு வைக்க வேண்டும். கூட்டம் மெலிந்தால் மெழுகுப் பூச்சி தேனடையை வலையாக்கிவிடும். தேனுக்காகத்தான் என்றால் வாங்கிக்கொள்வதே லாபம். ஒரு வேலைக்காரத் தேனீ ஆயுள் முழுக்க உழைத்தாலும், சேர்ப்பது ஒரு டீஸ்பூனில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். முதல் வருஷம் தேனை எடுக்காமல் விடுவதே நல்லது என்கிறார் அந்தத் தேனீ வளர்ப்பவர்.

ஆகவே இந்த வருஷம் வேண்டாம். ஒரு பூக்காலம் முழுக்க வாரா வாரம் அவரிடம் போய் உதவி செய்யப் போகிறேன். என் முதுகும் பொறுமையும் தாங்கினால் அடுத்த பூக்காலத்துக்கு வாங்கலாம். அப்போதும் ஒன்றாக வேண்டாம், இரண்டாக. ஒன்றில் ராணி போய்விட்டால் மற்றதிலிருந்து முட்டையுள்ள சட்டம் ஒன்றை மாற்றி வைக்கலாம், அதிலிருந்து தேனீக்களே புது ராணியை வளர்த்துக்கொள்ளும்.

அதற்கு முன் ஒரு காரியம் உன் பொறுப்பு. போன விடுமுறையில் பேரனுக்குக் குளவி கொட்டி முழங்கை வரை வீங்கியதே, ஞாபகம் இருக்கிறதா? குளவி விஷம் வேறு, தேனீ விஷம் வேறுதான். ஆனாலும் மருத்துவரிடம் காட்டிக் கேட்டு எழுது. அவர் வேண்டாம் என்றால் இந்தப் பேச்சையே விட்டுவிடலாம், எனக்கு வருத்தமில்லை.

அப்புறம், விரல் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. கதவிடுக்கில் நசுக்கிக்கொண்டேன் என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். போனில் பேசும்போது நீ உளறிவிடாதே.

அன்புடன்,
அப்பா