உப்பை மறந்துவிடாதே

அன்பு மகளுக்கு,

மவுசாகலை நீர்த்தேக்கக் கரையோரமாக ஓடி, நல்லதண்ணி ஊருக்கு மேலே காட்டுக்குள்ளும் ஏறப் போகிறாயாமே. தம்பி சொல்லித்தான் தெரியும். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. நீ போன் எடுக்காததைப் பற்றி எழுத உட்காரவில்லை, வேலை இருக்கும். உப்பைப் பற்றித்தான்.

வேர்வையோடு உப்புப் போய்க்கொண்டிருக்க, வெறும் தண்ணீரையே போத்தல் போத்தலாக ஊற்றினால் இரத்தத்தில் மிச்சமிருக்கிற உப்பும் நீர்த்துவிடும். விரலில் மோதிரம் இறுகும், தலையிடிக்கும், குமட்டும். களைப்பென்று நினைத்து இன்னும் குடிப்பார்கள், அங்கேதான் பிழை நடக்கிறது. ஜீவனி உப்புத்தூளைப் பக்கற்றில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரிலேயே கரை. கெட்டியாகக் கரைத்தால் வயிறு புரட்டும். தாகத்துக்குக் குடி. மாச்சத்து மணிக்கு 30 முதல் 60 கிராம், பசிக்கும்வரை காத்திராதே.

அட்டை கடித்துக்கொண்டிருக்கும்போது மட்டும் உப்புப் போடாதே. குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடும். மெல்லிய முனைப்பக்கம் நகத்தைச் செருகித் தள்ளு, இழுக்காதே. அதன் எச்சில் இரத்தத்தை உறைய விடாது, அதனால் கொஞ்ச நேரம் கசியும், பயப்படாதே. கிளம்புமுன் காலுறையின் வெளிப்பக்கம் காய்ந்த சவர்க்காரத்தைத் தேய். மழை பெய்தால் திரும்பத் தேய்க்க வேண்டும்.

நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கி, மூழ்கிக் கிடக்கிற பழைய கோயில் தெரிந்தால் ஆசைப்பட்டுக் குறுக்கே இறங்காதே. மேலே வெடித்துக் காய்ந்த மண், கீழே சேறு. கால் புதைந்தால் சப்பாத்து அங்கேயே தங்கிவிடும். சுற்றியே போ.

காட்டில் பாசி பிடித்த வேரின்மேல் மிதிக்காதே, வேருக்கும் வேருக்கும் இடையில் மிதி. 1000 மீற்றர் ஏறினால் ஏறத்தாழ 6 பாகை குளிர் கூடும். பகல் திரும்பினால் மூடுபனி இறங்கும். நனைந்த பருத்திச் சட்டையோடு நின்றாயானால் நடுங்கிப் போவாய். கீழே வெயில் என்று மழை ஜாக்கெட்டை விட்டுவிட்டு ஏறாதே. விடியலிலும் அந்தியிலும் தேயிலை ஓரம் தனியே வேண்டாம், சிறுத்தை நடமாடும். கண்டால் ஓடாமல், அதைப் பார்த்தபடியே மெல்லப் பின்னால் நகர வேண்டும். ஓடாதே என்று உன்னிடம் சொல்கிறேன் பார்! தோட்டத்து டிவிசனில் ஆம்பிளைப் பிள்ளைகளையே பின்னால் விட்டவள் நீ.

உப்பு, மறக்காதே.

மாகாணப் போட்டிக்குத் தெரிவான வருடம் சப்பாத்துக்குக் காசில்லை என்றேனே. காசு இருந்தது, அம்மாவின் அலுமாரியில் சேலைக்கடியில். பொம்பிளைப் பிள்ளை அரைக் காற்சட்டையோடு ஓடினால் லயத்தில் என்ன பேசுவார்களோ என்று பயந்தேன். அம்மாவுக்கும் தெரியும். உனக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

இறக்கத்தில் விரல் முன்னால் போய் மோதி நகம் கறுத்துவிடும். மூன்று நாள் முன்னமே நகத்தை வெட்டு. நாடாவைக் கடைசி ஓட்டையிலும் கோத்துக் குதிகாலை இறுக்கிக் கட்டு. புதுச் சப்பாத்தில் பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்கிறதா? காசு போதாவிட்டால் தம்பியிடமாவது சொல்லிவிடு.

அப்பா