டிஸ்க்க தூக்கிட்டு வர்றதுக்கு முன்னாடி: நம்மூரு தமிழ்ப்பட தயாரிப்பாளர்களுக்கும் டைரக்டர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே, தம்பிங்களா. நான் படத்துக்கு கலர் பண்ற ஆளு. கேஎல்ல (கோலாலம்பூர்ல) தமிழ்ப்படம், டெலிமூவி, மியூசிக் வீடியோன்னு எடுக்கற எல்லாருக்கும் சேர்த்துத்தான் இத எழுதறேன், யாரையும் தனியா குறி வைக்கல. படிக்கும்போது "நம்மளத்தான் சொல்றான் போல"ன்னு தோணுச்சுன்னா கோச்சுக்காதீங்க, அநேகமா நீங்கதான்.

விஷயம் இதுதான். பட்ஜெட் ஷீட்ல கடைசி வரில "கலர்"னு ஒரே வார்த்தை போட்டு பக்கத்துல ஏதோ கொஞ்சம் வெள்ளி (ரிங்கிட்) எழுதிடறீங்க, கன்ஃபார்முக்குன்னு, அதாவது வெட்டின படத்துக்கு ஒரிஜினல் ஃபைல மறுபடி அடுக்கற வேலைக்கு, ஒரு வரியே கிடையாது. அப்புறம் ரிலீஸ் தேதி கழுத்த நெரிக்கும்போது ஹார்ட் டிஸ்க்கோட ஓடி வந்து "பாஸ், சீக்கிரம் முடிச்சுக் குடுங்க லா, சினிமாட்டிக்கா இருக்கணும்"னு சொல்றீங்க. குடுத்த நாள்ல பாதிக்கு மேல நாங்க கலரே பண்றதில்ல, ஃபைல் தேடிட்டு இருக்கோம்.

எடிட்டர் லேப்டாப்ல 6கே ரா, அதாவது கேமரா சென்சார் புடிச்ச கனமான ஒரிஜினல் ஃபைல், ஓடாதுன்னு ப்ராக்சின்ற சின்ன நகல் போட்டு வெட்டறாரு, அதுல தப்பே இல்ல, உலகம் பூரா அப்படித்தான் நடக்குது. வெட்டி முடிச்சதும் எடிட்டிங் சாஃப்ட்வேர்ல இருந்து கட் பட்டியல் ஒண்ணு வரும், ப்ரீமியர்னா எக்ஸ்எம்எல், அவிட்னா ஏஏஎஃப் இல்லாட்டி இடிஎல். அதுல படம் இருக்காது. எந்த ரீலு (கேமரா ஃபைலோட பேரு), எந்த டைம்கோட்ல (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இருக்கற நேர நம்பர்) ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்ற விவரம் மட்டும்தான் இருக்கும், அத வச்சு ரிசால்வ்ன்ற கலர் சாஃப்ட்வேர்ல ஒரிஜினல் கேமரா ஃபைல ஒவ்வொண்ணா கொண்டாந்து அடுக்கி, எடிட்டர் வெட்டின அதே இடத்துல ஃப்ரேம் பிசகாம உக்கார வைக்கறதுதான் கன்ஃபார்ம். ரீல் பேரும் டைம்கோடும் ஒழுங்கா இருந்தா இது பெரிய வேலையே இல்ல.

எங்க ஒழுங்கா இருக்கு? ரெட் கேமரா ஏ001_சி004னு ஒரு பேரு வச்சு, டேக் நீளமா போச்சுன்னா ஃபைல துண்டு துண்டா உடைச்சு 001, 002ன்னு கடைசில நம்பர் போட்டு ஒரே ஃபோல்டர்ல வைக்கும். அசிஸ்டன்ட் தம்பி நல்ல எண்ணத்துல அத "கோயில் சீன் ஓகே டேக்"னு ரீநேம் பண்ணி, 002வ மட்டும் வேற டிஸ்க்ல போட்டுட்டு போயிடறான். முதல் பாதி ஓடும், மிச்ச பாதிக்கு சிவப்பு கலர்ல மீடியா ஆஃப்லைன்னு (ஃபைல காணோம்னு அர்த்தம்) வந்து நிக்கும். டிரோன் இன்னும் மோசம், செட்டிங்க கவனிக்காம கார்டு ஃபார்மேட் பண்ணிட்டா மறுபடி டிஜேஐ_0001ல இருந்து எண்ண ஆரம்பிச்சிடும், அப்ப பத்துமலை முருகன் கோயில்ல எடுத்ததுக்கும் பினாங்கு ஃபெரில எடுத்ததுக்கும் ஒரே பேரு. ஹீரோ பினாங்கு ஃபெரி நிக்கற பட்டர்வொர்த்துல நின்னு கடல பாத்து அழறான், கட் பண்ணா 140 அடி முருகன் தங்கமா நிக்கறாரு. சாமி வந்தது சந்தோஷம்தான், ஆனா அந்த சீனுக்கு அவர கூப்பிடலையே!

எடிட்டர் வெட்டின படத்த ரெஃபரன்ஸ் வீடியோவா, படத்து மேலயே டைம்கோட் தெரியற மாதிரி எரிச்சு குடுங்கன்னு கேட்டா வாட்ஸப்ல அனுப்பறீங்க. அத எங்க டைம்லைன் மேல வச்சு ரெண்டு படத்துக்கும் உள்ள வித்தியாசத்த மட்டும் காட்டற டிஃபரன்ஸ் மோடுல போட்டு பாப்போம், சரியா பொருந்துச்சுன்னா ஸ்க்ரீன் கிட்டத்தட்ட கருப்பாயிடும், ஒரு ஃப்ரேம் தள்ளி இருந்தாக்கூட ஆளோட ஓரம் பூரா வெள்ளைக்கோடு தெரியும். வாட்ஸப்ல நசுங்கி வந்த வீடியோல எல்லா ஷாட்டுமே கோடு கோடாத்தான் தெரியுது, எது நிஜ தப்புன்னு எப்படி கண்டுபிடிக்க. ஸ்பீட் ராம்ப் (வேகத்த ஏத்தி எறக்கறது), நெஸ்ட் (டைம்லைனுக்குள்ள டைம்லைன்), ஸ்டெபிலைசர் (ஆட்டத்த கொறைக்கறது) இதெல்லாம் எக்ஸ்எம்எல்ல முழுசா வராது, அத கண்ணால பாத்து கையாலதான் திரும்ப பண்ணணும், அதுக்குத்தான் அந்த வீடியோவே. ஃப்ரேம் ரேட்டும் அதே கததான், செகண்டுக்கு கேமரா ஏ 24 ஃப்ரேம், கேமரா பி 23.976ன்னு எடுத்துட்டு "ரெண்டும் ஒண்ணுதானே"ன்றீங்க, ஒரு மணி நேரத்துல 3.6 செகண்ட் வித்தியாசம் வரும், சவுண்டு ஆளு என்னத்தான் திட்டுவாரு.

பிக்சர் லாக், இனி எடிட்ட மாத்த மாட்டோம்னு சொல்லிட்டு அதுக்கப்புறம் "ஒரே ஒரு சின்ன கட்"னு வர்றவங்களுக்கு தனியா ஒரு மடல் எழுதணும், இப்ப வேணாம்.

அடுத்து "ரால எடுத்திருக்கோம், எல்லாம் சரி பண்ணிக்கலாம்"ன்ற பேச்சு. ரால ஒயிட் பேலன்ஸ மாத்தலாம், ஐஎஸ்ஓவ மாத்தலாம், ஏன்னா அது ரெண்டும் ஃபைலோட கூட வர்ற குறிப்பு மாதிரிதான், சென்சார் புடிச்சது அப்படியே இருக்கும். ஆனா சென்சார்லயே வெளுத்துப்போன வானத்த எந்த ராவும் திருப்பித் தராது. நம்மூரு கரண்டு 50 ஹெர்ட்ஸ், 24 ஃப்ரேம்ல ஷட்டர 180 டிகிரில வச்சா ஒவ்வொரு ஃப்ரேமும் 1/48 செகண்ட் வெளிச்சம் வாங்கும், அது கரண்டோட துடிப்புக்கு ஒத்துவராது, பழைய டியூப் லைட் போட்ட மாமாக் கடைல எடுத்தா பின்னாடி செவுரு துடிச்சிட்டே இருக்கும். 172.8 டிகிரி வச்சா சரியா 1/50, பிரச்சனையே வராது. செட்ல ஒரு நிமிஷ வேலை, எங்க கிட்ட வந்தா ஷாட்டுக்கு ஷாட்டு போராட்டம், அப்பயும் முழுசா போகாது.

இப்ப எனக்கு நெஜமாவே வயித்தெரிச்சல் எங்கன்னு சொல்றேன். நம்ம ஆளுங்க தோலு. நாள் பூரா ஃபைல் தேடி முடிச்சிட்டு கலர் பண்ண உக்காரும்போது நேரம் இல்ல, உடனே நெட்ல எறக்கின ஒரு லட்ட (LUT, கலர மாத்தற ரெடிமேட் ஃபைல்) குடுத்து "இத போடுங்க போதும்"ன்றீங்க. அது அலெக்சா கேமராவோட லாக்சி ஃபார்மேட்டுக்கு செஞ்ச லட்டு, நம்ம கிட்ட இருக்கறது ரெட் கேமராவோட லாக்3ஜி10, போட்டா டோன் பிசகி முகம் ஆரஞ்சாயிடுது, நிழல் பச்சையும் நீலமுமா போயிடுது. அதுக்கு மேல "ஹீரோயின் கொஞ்சம் வெள்ளையா வரட்டும் லா" வேற. கலர அளக்கற வெக்டர்ஸ்கோப்ல பாருங்க, கருப்பு, மாநிறம், சீனர், வெள்ளக்காரர்னு யாரா இருந்தாலும் தோலு கிட்டத்தட்ட ஒரே கோட்டுப் பக்கம்தான் விழும், வெளிச்சமும் அழுத்தமும்தான் மாறுது. கருப்புத் தோல வலுக்கட்டாயமா தூக்கினா அது வெள்ளையாகாது, சாம்பலாத்தான் ஆகும், நெத்தில கன்னத்துல இருக்கற மினுமினுப்பு செத்துப்போகும், அந்த மினுமினுப்புலதான் முகத்துக்கு உசுரே.

செம்பனைத் தோட்டத்துல எடுத்த சீன் ஒண்ண எடுத்துக்கோங்க. இலைல பட்டு வர்ற வெளிச்சம் பச்சை, அது தாடைக்கு கீழ, கழுத்து ஓரத்துல ஒட்டிக்கும், நெத்தில மேல் வெயில் வேற மாதிரி விழும். மொத்தமா மெஜந்தா ஏத்தினா இலையும் கெட்டுப்போகும், சட்டையும் ரோஸாயிடும். கழுத்துல மட்டும் ஒரு விண்டோ (வேல செய்யற இடத்த சுத்தி ஒரு வட்டம்) போட்டு, அந்தப் பச்சைய குவாலிஃபையர்ல (ஒரு கலர மட்டும் தேர்ந்தெடுக்கற டூல்) புடிச்சு, ஆளு நடக்க நடக்க ட்ராக் பண்ணி கொஞ்சமா கொறைக்கணும், அதுக்கப்புறம் அடுத்த ஷாட்டோட சேர்த்துப் பாக்கணும். இதுக்குத்தான் காசு குடுக்கறீங்க. இதுக்கு வேண்டிய நேரத்தத்தான் 002 தேடறதுல தொலைச்சோம்.

முடிச்சத ஃபோன்ல பாத்துட்டு "இருட்டா இருக்கே"ன்றதும் வேணாம். டிவிக்கு 709ன்ற கலர் ஸ்டாண்டர்ட், வெளிச்சம் 100 நிட்ஸ் (வெளிச்சத்த அளக்கற அலகு). தியேட்டருக்கு டிசிபின்ற தியேட்டர் ஃபைல், ஸ்க்ரீன்ல 48 நிட்ஸ். வெயில்ல நின்னு ஃபுல் பிரைட்னஸ்ல வச்ச ஃபோன் ரெண்டும் கிடையாது, ஸ்டூடியோக்கு வந்து மானிட்டர்ல பாருங்க.

நான் கேக்கறது பெருசா ஒண்ணுமில்ல. கார்டுல இருக்கற ஃபோல்டர அப்படியே, பேரு மாத்தாம, செக்சம் பாக்கற (காப்பி அச்சு அசலா இருக்கான்னு சரிபாக்கற) காப்பி சாஃப்ட்வேர்ல ரெண்டு டிஸ்க்ல போடுங்க. பட்ஜெட்ல கன்ஃபார்முக்கு தனி வரி, தனி நாள். இன்னொண்ணு, ஷூட்டிங்குக்கு முந்தின வாரம் கேமராமேனையும் எடிட்டரையும் கூட்டிட்டு வாங்க, உங்க கேமரா எல்லாத்துலயும் ஒரு சின்ன ஷாட், டிரோனையும் சேர்த்து, உங்க ஹீரோ ஹீரோயின் முகத்த வச்சு மேக்கப்போட எடுத்து, ப்ராக்சி போட்டு வெட்டி, எக்ஸ்எம்எல் குடுங்க. ஒரு மத்தியானத்துல கன்ஃபார்ம் பண்ணி முகத்தையும் கலர் பண்ணிக் காட்டிடுவேன், அந்த டெஸ்டுக்கு காசு வேணாம்.